ஐயம் நீங்கியது

“இதுல ஏதோ இருக்கு” என்றாள் ஏன் டீச்சர்.

“என்ன இருக்கு? வேலை இருக்கு” என்றார் அவள் கணவர்.

“சந்தேகப்படறதுக்கு எவனாவது சம்பளம் குடுப்பானா?”

“நீ வீட்டுல சும்மாவே படற. அங்க போய்ப் பட்டா மாசம் பொறந்தா காசு வரும். எனக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.”

அவர் லிஃப்ட் செய்யும் கம்பெனி ஒன்றில் மெக்கானிக். கம்பெனி நோட்டீஸ் போர்டில், தொலைந்துபோன சாவிக்கொத்து பற்றிய அறிவிப்புக்கும் கேன்டீன் விலைப்பட்டியலுக்கும் நடுவில் ஒட்டியிருந்ததைச் செல்போனில் படம் பிடித்து வந்திருந்தார். ‘ஐய அலுவலர் தேவை. தத்துவத்தில் முதுகலைப் பட்டம். கணினி அறிவு கட்டாயம். சந்தேகப்படும் திறன் இருந்தால் முன்னுரிமை.’

ஏன் டீச்சர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சின்னதாக்கிப் பார்த்தாள். போனைத் திருப்பி அதன் முதுகையும் பார்த்தாள்.

இருபத்திரண்டு வருஷம் கல்லூரியில் தத்துவம் நடத்தியவள். எந்தப் பதிலுக்கும் “ஏன்?” என்று கேட்டுக் கேட்டு, பிள்ளைகள் வைத்த பெயர்தான் ஏன் டீச்சர்; சம்பளச் சீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுவே நின்றுவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் துறையை மூடினார்கள். அவள் வகுப்பெடுத்த அறையில் இப்போது ஜெராக்ஸ் மெஷின் நிற்கிறது. “எதைக் குடுத்தாலும் அப்படியே திருப்பித் தருது மேடம். பிள்ளைங்களுக்கு அதுதான் வசதியா இருக்கு” என்று முதல்வரே வருத்தத்தோடு சொன்னார்.

அதற்குப் பிறகு அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. டியூஷன் என்று பலகை வைத்தாள். வந்த பெற்றோர், “இதைப் படிச்சா எந்தப் பரீட்சையில கேப்பாங்க?” என்றார்கள். “எதுலயும் கேக்க மாட்டாங்க” என்றாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ‘வாழ்க்கைக் கேள்விகளுக்குத் தத்துவ ஆலோசனை’ என்று போன் நம்பரோடு விளம்பரம் கொடுத்தாள். கூப்பிட்ட எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: எனக்கு எப்போது வேலை கிடைக்கும்? அவளிடம் இருந்ததும் அதே கேள்விதான் என்பதால் பேச்சு நீளவில்லை.

“சரி, போய்த்தான் பாக்கறேன்” என்றாள். “ஆனா இதுல ஏதோ இருக்கு.”

நேர்காணலில் மூன்று பேர். நடுவில் நிர்வாக இயக்குநர். தான் பேசியதற்குத் தானே முதலில் சிரிப்பவர். வலப்பக்கம் செலவுக் குறைப்பு அதிகாரி. கையில் பிடிக்க முடியாத அளவுக்குத் தேய்ந்த பென்சிலால் எழுதுபவர். இடப்பக்கம் மனிதவள மேலாளர். காலையில் ஒட்டிய சிரிப்பை மாலையில்தான் எடுப்பவர்.

“உங்களோட பெரிய பலவீனம் எது மேடம்?”

“எதையும் முழுசா நம்ப மாட்டேன்.”

மூவரும் எழுதிக்கொண்டார்கள்.

“பலம்?”

“அதேதான்.”

மறுபடியும் எழுதிக்கொண்டார்கள்.

“அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பாக்கறீங்க?”

“அப்ப இருக்கப்போறது நான்தானாங்கறதையே முதல்ல பாக்கணுமே.”

“அருமை!” என்று இயக்குநர் மேசையைத் தட்டினார். “பாத்தீங்களா, ஒண்ணும் புரியல. இதுதான் நமக்கு வேணும்.”

ஏன் டீச்சர் கையை உயர்த்தினாள். “நான் ஒண்ணு கேக்கலாமா? லிஃப்ட் கம்பெனிக்கு எதுக்கு ஐய அலுவலர்?”

மேலாளர் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். “போன வருஷம் தரச்சான்று குடுக்கறவங்க வந்தாங்க மேடம். ‘இங்க எடுக்கற முடிவுகளை யாராவது கேள்வி கேக்கறாங்களா?’ன்னாங்க. நாங்க ஒளிவு மறைவு இல்லாம உண்மையைச் சொன்னோம், ஒருத்தரும் கேக்கறதில்லன்னு. பாராட்டுவாங்கன்னு பாத்தா, மார்க்கைக் குறைச்சுட்டாங்க.”

“உங்க ஆளுங்கள்லயே கேள்வி கேக்கத் தெரிஞ்சவங்க இல்லையா?”

“நிறைய இருக்காங்க. அவங்க கேட்டா அது ஒழுங்கீனம். நீங்க கேட்டா அது நடைமுறை.”

அடுத்த வாரமே வேலையில் சேர்ந்தாள். கழிப்பறைக்குப் பக்கத்து அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். ஜன்னல் வழியே பதினெட்டு மாடி உயரத்துக்குச் சோதனைக் கோபுரம் தெரிந்தது; புது லிஃப்டுகளை ஏற்றி இறக்கிப் பார்க்கும் இடம். கணவர் நாளெல்லாம் அதற்குள்தான் இருப்பார். மேசைமேல் ஊதா மையில் தோய்ந்த ஒரு ரப்பர் முத்திரை இருந்தது. ‘ஐயம் நீங்கியது’ என்று அதில் செதுக்கியிருந்தார்கள்.

மேலாளரே வந்து படிவத்தை விளக்கினார். “இது ஐய எண். இது வகை: சின்னது, நடுத்தரம், பெரியது. இது ஐயம் எழுந்த தேதி. இது நீங்கும் தேதி. ஏழு நாளுக்குள்ள நீங்கலேன்னா கம்ப்யூட்டர்ல சிவப்பா காட்டும்.”

“எங்க துறையில சில சந்தேகங்கள் ரொம்ப நாளா நிலுவையில இருக்கு.”

“எவ்வளவு நாளா?”

“ரெண்டாயிரத்து ஐநூறு வருஷமா.”

மேலாளரின் சிரிப்பு ஒரு நொடி சரிந்து நிமிர்ந்தது. “உங்களுக்கு முன்னாடி அதைப் பாத்துக்கிட்டவங்க யாரு மேடம்? ஒருத்தர்கூடவா முடிச்சுக் குடுக்கல?”

படிவத்தின் கடைசிக் கட்டத்தை அவள் இரண்டு முறை படித்தாள். ‘இந்த ஐயம் நிறுவனத்தின் ஏதேனும் பொருள், நபர், அல்லது நிகழ்வு தொடர்பானதா? ஆம் எனில் படிவம் செல்லாது.’

“அப்ப எதைப் பத்தித்தான் சந்தேகப்படறது?”

“பொதுவா. உலகம், வாழ்க்கை, அந்த மாதிரி. உங்களுக்குத் தெரியாததா?”

விதிப்புத்தகம் ஒன்றும் கொடுத்தார். தொழிலாளிகளுக்கு மூன்று பக்கம், லிஃப்டுகளுக்கு ஒன்பது பக்கம், ஐயத்துக்கு நாற்பத்தொரு பக்கம். அதில் பதினான்காம் விதி: ‘எந்த ஒரு முடிவும், அதன்மீது ஐய அலுவலர் எழுப்பிய ஐயம் நீங்கியதாக அவரே தம் கைப்பட ஒப்பமிட்டு முத்திரை பதித்த பின்னரே செல்லுபடியாகும். அவர் சார்பில் வேறு எவரும் ஒப்பமிடலாகாது. ஓர் ஐயம் நீங்காதவரை அடுத்த முடிவை எடுத்துக்கொள்ளலாகாது.’

“இது யார் எழுதினது?”

“நான்தான்” என்றார் மேலாளர் கூச்சத்தோடு. “படிக்கறவங்களுக்குக் கெத்தா இருக்கணும்ல. இந்த ஒரு விதிக்கே பன்னெண்டு மார்க் குடுத்தாங்க.”

“நான் ஒப்பம் போடலேன்னா?”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஏன் மேடம் போடாம இருக்கப்போறீங்க?”

அவள் அந்தக் கேள்வியை மனதுக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.

கூட்டம் வாரம் இரண்டு. கூட்டத்தில் எல்லாம் முடிந்தபிறகு, டீ வருவதற்கு முந்தைய மூன்று நிமிஷம் அவளுடையது. என்ன சந்தேகம் என்பதை மேலாளரே இரண்டு நாள் முன்னதாகத் தட்டச்சு செய்து அனுப்பிவிடுவார். அப்போதுதான் பதிலைத் தயாரிக்க முடியுமாம். கேன்டீனுக்கு நாற்காலி வாங்கிய அன்றைக்கு அவள் எழுந்து, “நாற்காலி என்பது அங்கே இருப்பதா, நாம் இருப்பதாக நினைப்பதா?” என்று வாசித்தாள். செலவுக் குறைப்பு அதிகாரி எழுந்து, “இரண்டும்தான். மூன்றாண்டு உத்தரவாதம் உண்டு” என்று வாசித்தார். கைதட்டல். குறிப்பெழுதும் பெண் ஃபைலை நீட்டினாள். ஏன் டீச்சர் ஒப்பமிட்டு முத்திரையைக் குத்தினாள். அந்த நாற்காலிகளில் உட்காரும் இடம் சின்னதாக இருந்ததால் பாதி உடம்புக்கு நாற்காலி இருந்தது, மீதிப் பாதிக்கு நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நான்காம் மாதம் ‘ஐய வாரம்’ கொண்டாடினார்கள். எல்லோருடைய சட்டையிலும் ‘சந்தேகம் நம் சொத்து’ என்று பட்டை குத்தினார்கள். வாசல் காவலாளி பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, “அப்ப நான் ஒண்ணு கேக்கறேன். மழை பெஞ்சா என் கூண்டுக்குள்ள தண்ணி வருதே, ஏன்?” என்றார். பட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வாரக் கடைசியில் சிறந்த ஐயவாதி விருது நிர்வாக இயக்குநருக்கு வழங்கப்பட்டது. அவர் ஏற்புரையில் மனம் திறந்தார்: “எனக்கு வாழ்க்கையில ஒரு தடவைகூடச் சந்தேகம் வந்ததில்ல. ஆனா சந்தேகப்படறவங்களுக்கு நான் இடம் குடுத்தேன். கழிப்பறைக்குப் பக்கத்துல நல்ல காத்தோட்டமான இடம்.”

ஏன் டீச்சர் எல்லாவற்றையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் முதல் தேதி சம்பளம் வந்தது. சம்பளம் வரும் அன்றைக்கு ஓரக்கண் கொஞ்சம் மூடிக்கொள்ளும்.

ஏழாம் மாதம் ஒரு சாயங்காலம் கணவர் வீட்டுக்கு வந்து கைகூடக் கழுவவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். அதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு வளைந்த கறுப்புத் துண்டு ஒன்று இருந்தது.

“என்ன இது? சாப்பாடு டப்பால?”

“பிரேக் லைனிங். லிஃப்டை நிறுத்திப் பிடிக்கறது இதுதான். தொட்டுப் பாரு.”

தொட்டாள். “வழுவழுன்னு இருக்கு.”

“இருக்கக் கூடாது. சொரசொரன்னு இருக்கணும். புது மாடலுக்கு மட்டமான லைனிங் போட்டிருக்கானுங்க. நாலு நாள் ஓட்டினா கண்ணாடி மாதிரி ஆயிடுது. பெட்டி நிக்க வேண்டிய எடத்துல நிக்காம ஒரு அடி நழுவுது. சூடாயிட்டா ரெண்டு அடி.”

“சூப்பர்வைசர்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேனே. ‘நீ மெக்கானிக்கு. சந்தேகப்படறது உன் வேலை இல்ல. அதுக்குப் பட்டதாரி ஆள் போட்டிருக்கோம்’னாரு.”

“அந்த ஆள் நான்தானே.”

“நீயேதான்” என்றார் அவர். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். “லைனிங் மாத்த ஒப்புதல் குடுத்த பேப்பர். லைனிங் வந்த அட்டைப்பெட்டியில ஒட்டியிருந்துச்சு.”

‘உராய்வுப் பொருள் சிக்கனம்’ என்று தலைப்பு. கீழே ஊதா முத்திரை. அதற்கும் கீழே அவள் கையெழுத்து, வழக்கமான சுழியோடு.

அவளுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. உராய்வுப் பொருள் என்றால் என்னவென்று கேட்க நினைத்தாள். டீ வந்துவிட்டது. அன்றைக்கு அவளுக்குக் கொடுக்கப்பட்ட சந்தேகமும் காகிதத்தில் அச்சாகியிருந்தது: ‘நிற்பது என்பது ஓட்டம் இல்லாமையா, அல்லது அதுவும் ஒரு வகை ஓட்டமா?’

“உன் கேள்வி சரியாத்தான் இருக்கு” என்றார் கணவர். “எங்க லிஃப்டுல நிக்கறதும் ஒரு வகை ஓட்டந்தான்.”

அவள் சிரிக்கவில்லை. “இதனால என்ன ஆகும்? சொல்லுங்க.”

“ஆள் ஏறினா மெதுவா கீழ நழுவும். காலிப்பெட்டின்னா மேல போகும்.”

“மேலயா?”

“பெட்டிக்கு எதிர்ப் பக்கம் பாரம் தொங்குதுல்ல, அது காலிப்பெட்டியைவிட கனம். பிரேக் பிடிக்கலேன்னா அது கீழ எறங்கும், பெட்டி மேல ஏறும். வேகமா ஓடினாதான் இன்னொரு பூட்டு விழும். இது மெதுவா நழுவும், அதனால பூட்டும் விழாது. திங்கட்கிழமை காலிப்பெட்டிச் சோதனை வச்சிருக்காங்க. கடைசி மாடியில நிறுத்தி, பெட்டிக் கூரைமேல ஒரு ஆள் நின்னு சாமானெல்லாம் பாக்கணும்.”

“யாரு?”

அவர் கையைக் கழுவப் போனார். குழாயைத் திறந்தார். “எனக்கு மேல ஒண்ணரை அடிதான் இருக்கு. அதுக்கு மேல கான்கிரீட்டு.”

சோதனைக்கு ஒப்புதல் தரும் கூட்டம் வெள்ளிக்கிழமை. புதன்கிழமையே மேலாளரிடமிருந்து சந்தேகம் வந்துவிட்டது: ‘மேலே என்பது எங்கே முடிகிறது?’

ஏன் டீச்சர் அந்தக் காகிதத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். ஜன்னலைப் பார்த்தாள். கோபுரத்தைப் பார்த்தாள். வேலை போனால் மறுபடியும் டியூஷன் பலகை, போனில் வேலை கேட்கும் குரல்கள். போகாவிட்டால் திங்கட்கிழமை. இதில் தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை டீக்கு மூன்று நிமிஷம் முன்னால் அவள் எழுந்தாள்.

“பிரேக் பிடிக்குமா?”

எல்லோரும் தங்கள் தாளைப் பார்த்தார்கள். தாளில் அது இல்லை.

“மேடம், ‘மேலே என்பது’ன்னு ஆரம்பிக்கும்” என்று மேலாளர் மெல்ல எடுத்துக் கொடுத்தார்.

“அது இல்ல. புது மாடல் லிஃப்டுக்குப் பிரேக் பிடிக்குமா?”

குறிப்பெழுதும் பெண் மட்டும் தடுமாறவில்லை. அவள் படிவத்தைக் கண்ணும் கருத்துமாகப் பூர்த்தி செய்பவள். “சின்னதா, நடுத்தரமா, பெருசா மேடம்?”

“பெருசு.”

செலவுக் குறைப்பு அதிகாரி பென்சிலைக் கீழே வைத்தார். “பிடிக்குமான்னா… அது ஒரு பார்வை மேடம். எதைப் பிடிக்கணும்? எவ்வளவு பிடிச்சா பிடிச்சதா அர்த்தம்?”

“ஒரு அடி நழுவுதா இல்லையா?”

“அடிங்கறது மனுஷன் உண்டாக்கின அளவுதானே. இயற்கையில அடி இருக்கா?”

ஏன் டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடம் படித்த ஒரு பிள்ளைகூட இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். “மேடம், முழு உறுதின்னு இந்த உலகத்துல ஏதாவது இருக்கா? நீங்களே எத்தனை கூட்டத்துல சொல்லியிருக்கீங்க! நாங்க அப்பல்லாம் கைதட்டினோமே. எல்லாமே சந்தேகத்துக்கு உரியதுன்னா, பிரேக்கை மட்டும் ஏன் தனியா கொடுமைப்படுத்தணும்?”

“அப்ப திங்கட்கிழமை பெட்டிக் கூரைமேல நீங்க நில்லுங்களேன்.”

“எனக்கு உயரம் ஆகாது.”

“உயரம்னு ஒண்ணு உண்மையிலேயே இருக்கா சார்?”

டீ வந்தது. ஒருவரும் எடுக்கவில்லை.

“ஐயம் நீங்கல” என்றாள் ஏன் டீச்சர். முத்திரையை மேசையிலிருந்து எடுத்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அந்த ஜிப் சத்தம் அந்த அறைக்குப் புதிது.

மேலாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். தான் எழுதிய பதினான்காம் விதியை முதல்முறையாகப் படிப்பவரைப் போலப் படித்தார். “வேறு யாரும் போட முடியாது… அடுத்த முடிவை எடுத்துக்கொள்ளலாகாது…”

“அந்த விதியை மாத்துய்யா!” என்றார் இயக்குநர்.

“மாத்தறதும் ஒரு முடிவு சார்.”

“அப்ப அந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்பு!”

“அதுவும் முடிவுதான் சார். கம்பெனிப் பொருளைப் பத்தின ஐயம்னா படிவம்தான் செல்லாது; ஐயம் செல்லாதுன்னு எங்கயும் எழுதல.”

“எந்தக் கழுதை எழுதினது இதை?”

மேலாளரின் சிரிப்பு அன்றைக்கு மாலைக்கு முன்னாலேயே உதிர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை சோதனை நடக்கவில்லை. செவ்வாயும் இல்லை. கம்பெனியில் எதுவுமே நடக்கவில்லை, ஏனென்றால் எதற்குமே முடிவு தேவைப்பட்டது. மூன்றாம் நாள் கேன்டீனில் டீத்தூள் தீர்ந்தது; வாங்குவது முடிவு. ஐந்தாம் நாள் கழிப்பறைக் குழாய் பழுதானது, சரிசெய்வது முடிவு. ஆட்கள் அவள் அறை வாசலைத் தாண்டிப் போகும்போது முறைத்தார்கள். காவலாளி மட்டும் தினமும் வணக்கம் வைத்தார். “பரவால்ல மேடம், டீ இல்லாம இருந்துக்கலாம். என் கூண்டையும் அந்தச் சந்தேகத்தோட சேத்துக்க முடியுமா?”

ஆறாம் நாள் மேலாளர் ஒரு ஃபைலோடு ஓடிவந்தார். முகத்தில் வெளிச்சம். “மேடம்! அந்த மெக்கானிக் உங்க வீட்டுக்காரராமே! இது குடும்பச் சந்தேகம். செல்லாது.”

“மனைவி கணவனைச் சந்தேகப்படக் கூடாதா?”

“தாராளமா படலாம். கணவனுக்காகச் சந்தேகப்படக் கூடாது.”

“அப்படி விதி இருக்கா?”

அவர் நாற்பத்தொரு பக்கத்தையும் புரட்டினார். இல்லை. “போடணும்னா…” என்று ஆரம்பித்து, போடுவதும் முடிவு என்பது நினைவுக்கு வந்து, ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு வீட்டில் கணவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேட்டார். “ஒண்ணு கேட்டா கோபப்படக் கூடாது.”

“கேளுங்க.”

“நீ இதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கறது பிரேக்குக்காகவா, வேலைக்காகவா? சந்தேகம் தீர்ந்த நிமிஷம் உன்னை அனுப்பிடுவானுங்க. அதுவரைக்கும் அனுப்ப முடியாது.”

ஏன் டீச்சர் கையிலிருந்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். கோபம் வந்தது. கோபம் ஏன் வந்தது என்று யோசித்ததும் அது போய், அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

“எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு” என்றாள். “அவங்க லைனிங்கை மாத்திட்டா, நீங்க பாத்துட்டு வந்து ‘பிடிக்குது’ன்னு சொன்ன உடனே போட்டுடறேன். ஒரு கேள்வி அதிகமா கேக்க மாட்டேன். கேட்டா, நான் வேலைக்காகத்தான் கேக்கறேன்னு நீங்களே சொல்லுங்க.”

“நான் சொன்னா கேட்டுக்குவியா?”

“சந்தேகந்தான்” என்றாள்.

பதினோராம் நாள் இயக்குநருக்கு டீ இல்லாமல் தலைவலி தாங்க முடியவில்லை. பழைய லைனிங்கையே திரும்பப் போடுவது புது முடிவு ஆகாது, பழைய முடிவுக்குத் திரும்புவதுதான் என்று செலவுக் குறைப்பு அதிகாரி கண்டுபிடித்துச் சொன்னார். தத்துவம் அவருக்கு நன்றாகப் பிடிபட்டுவிட்டது.

மறுநாள் கூட்டம் கூடியது. கணவரை வரச் சொல்லியிருந்தார்கள். பதினாறு வருஷ வேலையில் அவர் அந்த அறைக்குள் வருவது அதுதான் முதல் தடவை. கிரீஸ் படிந்துவிடும் என்று நாற்காலிமேல் செய்தித்தாள் விரித்திருந்தார்கள். அவர் அதை எடுத்து மடித்து மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“பிடிக்குதா?” என்று கேட்டாள் ஏன் டீச்சர்.

“பிடிக்குது.”

அவள் வாய்க்குள் இன்னும் நாலு கேள்வி வரிசையில் நின்றது. எத்தனை தடவை பார்த்தீர்கள்? சூடாக்கிப் பார்த்தீர்களா? பெட்டியில் என்ன எடை? யார் உடன் இருந்தார்கள்? அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கணவர் அவளைப் பார்த்தார். பிறகு அவராகவே சொன்னார்: “காலிப்பெட்டியில முப்பது தடவை. சூடாக்கி முப்பது தடவை. ஒரு விரக்கடைகூட நழுவல.”

ஜிப் திறந்தது. முத்திரை வெளியே வந்தது. மை காய்ந்திருந்ததால் அவள் அதில் வாயால் ஊதி, அழுத்திக் குத்தினாள். ஐயம் நீங்கியது. சுழியோடு கையெழுத்து.

அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். இயக்குநர் கண்ணைக் காட்டினார். மேலாளர், பழைய சிரிப்பை அவசரமாக ஒட்டிக்கொண்டு, இன்னொரு காகிதத்தை அவள் முன்னால் நகர்த்தினார்.

‘நிறுவனத்தில் ஐயங்கள் யாவும் நீங்கி, ஐயமற்ற நிலை எட்டப்பட்டுவிட்டபடியால், ஐய அலுவலர் பதவி இன்றுமுதல் நீக்கப்படுகிறது.’

“உங்க சேவையை நாங்க எப்பவும் மறக்க மாட்டோம் மேடம்” என்றார் இயக்குநர். “நேர்மையா ஒப்பம் போட்டீங்க பாருங்க, அங்கதான் ஒரு தத்துவவாதியோட பெருமை இருக்கு. எங்க எல்லாருக்கும் கண்ணு கலங்குது. இதுலயும் கீழ ஒரு கையெழுத்து. சும்மா ஒரு நடைமுறை.”

ஏன் டீச்சர் பேனாவை எடுத்தாள். காகிதத்தை முன்பக்கம் படித்தாள். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. கணவரைப் பார்த்தாள். அவர் கூரையில் சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீசை மட்டும் லேசாகத் துடித்தது.

பேனாவை மூடி வைத்தாள். நாற்காலியை முன்னுக்கு இழுத்து, முதுகுக்குச் சௌகரியமாக உட்கார்ந்தாள். முத்திரை கைப்பைக்குள் போனது. ஜிப் ஓடியது.

“இதுல எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு” என்றாள்.

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். குறிப்பெழுதும் பெண் புதுப் படிவம் ஒன்றை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினாள்.

“சின்னதா, நடுத்தரமா, பெருசா மேடம்?”

“பெருசு. ‘ஐயமற்ற நிலை’ன்னு எழுதியிருக்கு. அப்படி ஒரு நிலை இருக்க முடியுமா?”

குறிப்பெழுதும் பெண் எழுதிக்கொண்டாள். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்தாள். “நீங்கும் தேதின்னு என்ன போடட்டும்?”

ஏன் டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்தாள். கோபுரத்தில் ஏதோ ஒரு பெட்டி மேலே போய், போக வேண்டிய இடத்தில் நின்றது.

“தெரியலையேம்மா” என்றாள். “எனக்கு முன்னாடி இதைப் பாத்துக்கிட்டவங்க ரெண்டாயிரத்து ஐநூறு வருஷம் எடுத்திருக்காங்க.”